படிக்க முடியாத ஒரு மனம்: ஸ்டெஃபனி மேயரின் ட்வைலைட் நாவல் வரிசை

அக்காள் மகளுக்குப் பதினைந்து வயது நிறைந்த வாரத்தில், "சித்தி, எனக்கு ட்வைலைட் வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டாள். அவள் வகுப்பில் பாதிப் பெண்கள் அதைப் படித்து முடித்திருந்தார்கள். கேட்ட உடனே வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால், நான் இருபது வயதில் இரண்டே இரவுகளில் படித்து முடித்த ஒரு நூலை, அதைவிட ஐந்து வயது இளையவள் கையில் கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை படித்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஆகவே நான்கு நூல்களும் சேர்ந்த பெட்டியை வாங்கி, இம்முறை கையில் பென்சிலுடன் உட்கார்ந்தேன். ரத்தம் குடித்து வாழும் வாம்பயர்களின் காதல் கதை என்றாலே உதட்டைப் பிதுக்குகிற பெரியவர்களுக்கும், அதைப் படித்து உருகியதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிற இளையவர்களுக்கும் இந்த வாசிப்பு பயன்படக்கூடும்.

முதல் நூல் 2005 அக்டோபரில் அமெரிக்காவில் வெளிவந்தது. தாய் மறுமணம் செய்துகொண்டதால், பதினேழு வயது பெல்லா ஸ்வான் வெயில் காயும் ஃபீனிக்ஸ் நகரத்தை விட்டு, வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் உள்ள ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு, காவல்துறைத் தலைவராக இருக்கும் தந்தை சார்லியுடன் வாழ வருகிறாள். பள்ளியில் உயிரியல் வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவன் எட்வர்ட் கல்லன். 1918இல் சிகாகோவில் ஸ்பானிஷ் இன்ஃபுளுவென்சா கொள்ளை நோயில் சாகக் கிடந்து, கார்லைல் என்ற மருத்துவரால் வாம்பயராக மாற்றப்பட்டு, அன்று முதல் பதினேழு வயதிலேயே நின்றுவிட்டவன் அவன். அவனுடைய குடும்பம் மனித ரத்தத்தைத் தொடுவதில்லை. விலங்குகளை வேட்டையாடி உயிர் வாழ்கிறது. இவ்வளவும் பலருக்குத் திரைப்படங்கள் வழியாகத் தெரிந்த செய்திதான். திரைப்படங்கள் போதிய அளவு காட்டாமல் விட்ட ஒன்றைப் பற்றியே நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எட்வர்டுக்குப் பிறர் மனத்தில் ஓடுவதைக் கேட்கும் ஆற்றல் உண்டு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்திருந்தால் நூற்றுக்கணக்கான மாணவர்களின் எண்ணங்கள் அவன் காதில் இரைச்சலாக விழும். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்தியின் மனம் மட்டும் அவனுக்கு எட்டுவதில்லை. பெல்லா என்ன நினைக்கிறாள் என்பதை அறிய, உலகத்தில் மற்ற எல்லாரும் செய்வதைப் போல அவளிடம் கேட்டால்தான் உண்டு. முதல் நூலின் நடுப்பகுதி முழுவதும் இந்தக் கேள்விகளாலேயே நிரம்பியிருக்கிறது. உனக்கு என்ன நிறம் பிடிக்கும், எந்த இசையைக் கேட்பாய், உன் ஊர் எப்படி இருக்கும், உன் தாய் எப்படிப்பட்டவர் என்று ஒரு நாள் முழுவதும் அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவள் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்காகவும் காத்திருக்கிறான். வீட்டிலும் வகுப்பிலும் தான் யார் என்று எவரும் கேட்காத வயதில் இருக்கும் ஒரு வாசகிக்கு இந்தப் பக்கங்கள் என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எனக்கும் அதைத்தான் செய்தன. அவனுடைய அழகும் வேகமும் பளபளக்கும் காரும் மேல்பூச்சு. பூட்டிய மனம் ஒன்று, பூட்டியிருப்பதாலேயே மதிக்கப்படுகிறது என்பதே இந்தக் கதை தரும் மயக்கம். வாம்பயர் காதல் கதைகளில் மேயர் சேர்த்த மிகச் சிறந்த கற்பனையும் இதுவே என்று கருதுகிறேன்.

இதே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான்கு நூல்களையும் படித்தேன். அந்த மூடிய மனத்துக்கு உண்மையாக இருக்கும் இடங்களில் கதை உயர்கிறது. அதைக் காட்டிக்கொடுக்கும் இடங்களில் சரிகிறது.

உயரும் இடத்தை முதலில் சொல்கிறேன். 2003 ஜூன் 2ஆம் நாள் தாம் கண்ட கனவிலிருந்து கதை பிறந்ததாக மேயர் பலமுறை கூறியிருக்கிறார். காட்டின் நடுவே ஒரு புல்வெளி. வெயிலில் தோல் மின்னும் ஓர் இளைஞன். அவன் காதலிக்கும் பெண்ணின் ரத்தத்துக்காகவே அவனுக்குத் தாகம். அந்தக் காட்சியை முதலில் எழுதி, அங்கிருந்து முடிவு வரை சென்று, பிறகே திரும்பி வந்து தொடக்கத்தை எழுதினார். மூன்று சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஏறத்தாழ மூன்று மாதத்தில் முழு நாவலையும் முடித்தார். கனவு இப்போது பதின்மூன்றாம் அத்தியாயமாக நூலின் நடுவில் நிற்கிறது. அதில் நிகழ்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. அவன் அசையாமல் அமர்ந்திருக்கிறான். அவள் விரல் நுனியால் அவன் கையைத் தொடுகிறாள். அவன் மூச்சை அடக்கிக்கொள்கிறான். சற்று நெருங்கிவிட்டதும் துள்ளி விலகிப் போய் மர நிழலில் நின்று, தன்னை அடக்கிக்கொண்ட பிறகே திரும்பி வருகிறான். ஆசையை அடக்கத்தின் வழியாகவே எழுதிக் காட்டும் இத்தகைய பக்கங்கள் பதின்பருவ நாவல்களில் குறைவு. அவள் உயிர் தன் கையில் இருக்கிறது என்பதை அவன் ஒரு கணமும் மறப்பதில்லை. அவனை நம்பலாமா என்று தீர்மானிப்பது அவள் வேலையாகவே இருக்கிறது.

வெயிலில் மின்னுவதைக் குறித்து எழுந்த கேலிகள் நியாயமற்றவை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெயில் பட்டால் வாம்பயர் செத்துவிடும் என்ற விதி தொன்மையானது என்று பலர் நம்புகிறார்கள். 1897இல் வெளிவந்த டிராகுலா நாவலில் வாம்பயரான டிராகுலா பிரபு லண்டனில் பகலிலேயே நடமாடுகிறார். பகலில் அவருடைய ஆற்றல் குறையும், அவ்வளவுதான். வெயில் கொல்லும் என்பதை நிலைநாட்டியது 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஜெர்மானிய ஊமைப்படம். அதற்கு முன், 1872இல் வந்த கார்மில்லா குறுநாவலில், ஓர் இளம்பெண்ணும் அவளைத் தேடி வரும் வாம்பயரும் கொள்ளும் நெருக்கத்தில் காதலும் அச்சமும் பிரிக்க முடியாமல் கலந்துவிட்டன. ஒவ்வொரு தலைமுறையும் இந்த உயிரியைத் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது. நாமும் அதை ரத்தக்காட்டேரி என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் நம் ஊர்க் காட்டேரி படையல் பெறும் தெய்வம் என்பதால், அந்தச் சொல்லை இக்கதைக்கு இழுப்பதை நான் தவிர்த்திருக்கிறேன்.

இனி, சரியும் இடம். புல்வெளிக் காட்சிக்குப் பிறகு, ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எட்வர்ட் ஒப்புக்கொள்கிறான். பெல்லாவுக்குத் தூக்கத்தில் பேசும் பழக்கம் உண்டு. அவள் தன் பெயரைச் சொல்லியதையும் அவன் கேட்டிருக்கிறான். விழித்திருக்கும்போது கேட்டுத்தான் அறிய முடியும் என்றிருந்த அந்த மனத்தை, அவள் தூங்கும்போது அவள் அறியாமல் அவன் ஒட்டுக்கேட்டிருக்கிறான் என்பதே இதன் பொருள். நூலோ இதைத் தவறாகக் கருதவில்லை. பெல்லா தான் என்ன உளறினோமோ என்று வெட்கப்படுகிறாள், உள்ளுக்குள் மகிழ்கிறாள், கதை நகர்ந்துவிடுகிறது. இரவில் காதலன் மறைவாக வருவது நம் அகப்பாடல்களுக்குப் புதிதல்ல. யானை திரியும் மலைவழியிலும் முதலை கிடக்கும் ஆற்றிலும் உயிரைப் பணயம் வைத்துத் தலைவன் வரும் இரவுக்குறிப் பாடல்களைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அங்கே தலைவி விழித்துக் காத்திருக்கிறாள்; குறியிடத்தைத் தோழி சொல்லி அனுப்புகிறாள்; வராதே என்று தடுக்கவும் அவர்களால் முடிகிறது, பல பாடல்களில் தடுக்கவும் செய்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தத் தலைவிக்கு இருந்த அறிவிப்பும் மறுப்புரிமையும் 2005ஆம் ஆண்டின் பெல்லாவுக்குக் கிடைக்கவில்லை என்பது என்னை உண்மையிலேயே வருத்தியது. நூற்றாண்டு கண்டவன் ஒருவன், எல்லார் மனத்தையும் அறிந்தவன், யாராலும் தடுக்க முடியாத வலிமை உடையவன். அவள் பக்கம் இருந்த ஒரே காப்பு அந்த மூடிய மனம்தான். அதையும் இரவில் பறித்துக்கொண்டது ஆசிரியரின் தவறு.

அன்பு என்ற சொல்லே வராமல் அன்பைக் காட்டும் இடமும் இதே நூலில் உண்டு, அதை எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஃபோர்க்ஸ் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குளிர்காலத்தில் சாலை உறைந்து வழுக்கும். அப்படி ஒரு காலை, பெல்லா தன் பழைய செவ்ரலே டிரக்கை ஓட்டிப் பள்ளி வாகன நிறுத்தத்துக்கு வந்து இறங்கிய பிறகே, அதன் சக்கரங்களில் வழுக்காமல் இருப்பதற்கான பனிச்சங்கிலி பூட்டியிருப்பதைப் பார்க்கிறாள். விடியுமுன் எழுந்து, அவளிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், சார்லி அதைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். தொண்டை அடைக்க அவள் நிற்கும் அதே நேரத்தில்தான் ஒரு வேன் கட்டுப்பாடிழந்து அவளை நோக்கி வழுக்கி வருகிறது, எட்வர்ட் வெறுங்கையால் அதை நிறுத்துகிறான். வாசகர்கள் வேனை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சங்கிலிதான் நிற்கிறது. அப்பாவும் மகளும் ஒருவரிடம் ஒருவர் அதிகம் பேசாமல் ஒரே சமையலறையில் உண்டு வாழும் வாழ்க்கையை மேயர் அளவோடும் நேர்மையோடும் எழுதியிருக்கிறார்.

2006இல் வந்த இரண்டாம் நூலான நியூ மூன், வரிசையில் மிகவும் துணிச்சலானது. எட்வர்ட் அவளுடைய நன்மைக்காக என்று தானே முடிவு செய்து, அவளை விட்டுப் போய்விடுகிறான். அதன் பின் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதங்களின் பெயர் மட்டும் அச்சிட்ட பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வேறு ஒரு சொல்லும் இல்லை. நம்மிடம் கதை சொல்லிக்கொண்டிருந்த அந்த மனம் நமக்கும் மூடிக்கொள்கிறது. மனச்சோர்வை இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் எழுதிய இளையோர் நாவலை நான் படித்ததில்லை. அவன் குரலைக் கற்பனையில் கேட்பதற்காகவே அவள் மோட்டார் சைக்கிளில் பாய்வதும் குன்றிலிருந்து கடலில் குதிப்பதும் பின்னால் வருகின்றன. அவற்றை நூல் காதலின் ஆழமாகக் காட்டுவதால், படிக்கும் பிள்ளையுடன் பெரியவர் ஒருவர் பேச வேண்டிய இடம் அது.

2007இல் வந்த எக்லிப்ஸ்தான் எனக்கு மிகவும் கசந்தது. ஓநாயாக உருமாறக்கூடிய அவள் நண்பன் ஜேக்கப் பிளாக்கைப் பார்க்கப் போகக் கூடாது என்பதற்காக எட்வர்ட் அவள் டிரக்கின் எஞ்சினில் ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். தன் தங்கையைக் காவலுக்கு வைக்கிறான். பிறகு தவறை உணர்ந்து வழிவிடுகிறான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜேக்கப் அவள் விருப்பத்துக்கு மாறாக முத்தமிடும் காட்சி இதைவிட மோசமானது. அவள் ஓங்கிக் குத்துகிறாள், குத்தியதில் அவள் கைதான் உடைகிறது. வீட்டுக்கு வந்தால், பனிச்சங்கிலி பூட்டிய அதே சார்லி அந்தப் பையனைப் பாராட்டும் தொனியில் பேசுகிறார். ஒரு காவல்துறை அதிகாரியின் வாயில், ஒரு தந்தையின் வாயில் அந்தச் சொற்களை வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜேக்கப்பைப் பற்றிப் பேசும்போது, அவன் பிறந்த குவிலியூட் மக்களைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. ஃபோர்க்ஸுக்கு அருகே லா புஷ் என்ற கடற்கரை ஊரில் உண்மையாகவே வாழும் பழங்குடியினர் அவர்கள். தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து மனிதராக்கப்பட்டவர்கள் என்ற தோற்றக்கதை அவர்களுக்கு உண்டு. மேயர் அதை எடுத்து, வாம்பயர்களுடன் பகை கொண்ட ஓநாய் மாந்தர் என்று தம் சொந்தப் புராணம் ஒன்றைப் புனைந்தார். கார்லைல் குடும்பத்தை நாகரிகமும் அடக்கமும் உடையவர்களாகவும், குவிலியூட் இளைஞர்களைச் சினம் அடக்க முடியாமல் உருமாறுகிறவர்களாகவும் எழுதியது, அந்தப் புனைவிலேயே ஊறிக்கிடக்கும் கோணல். கோடிக்கணக்கான வாசகர்கள் அந்த மக்களின் பெயரை முதன்முதலில் அறிந்தது இப்படித்தான். அதே காலத்தில் அவர்களுடைய உண்மைக் கவலை வேறாக இருந்தது. பள்ளியும் வீடுகளும் கடல்மட்டத்தை ஒட்டி, சுனாமி வந்தால் அழியும் இடத்தில் இருந்தன. ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கர் மேட்டு நிலத்தை அவர்களுக்கு வழங்கும் சட்டம் 2012இல்தான் நிறைவேறியது. இதைத் தெரிந்துகொண்டு படித்தால், லா புஷ் கடற்கரைக் காட்சிகள் வேறு மாதிரியாகக் கண்ணில் தெரியும்.

2008இல் வெளிவந்து, விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே அமெரிக்காவில் 13 லட்சம் படிகள் விற்ற பிரேக்கிங் டான், 750 பக்கங்களுக்கு மேல் நீளும் நூல். திருமணம், கருவுறுதல், எலும்பு முறியும் பிரசவம், பெல்லா வாம்பயராதல் எல்லாம் இதில் நடக்கின்றன. பிறந்த குழந்தையின்மேல் ஜேக்கப்புக்கு, அவளே தன் வாழ்நாள் துணை என்னும் மாறாத விதிப்பிணைப்பு ஏற்படுவதாக வரும் திருப்பம் எனக்கு எப்போது படித்தாலும் ஒவ்வாமையையே தருகிறது. நல்ல நோக்கம் என்று நூல் எவ்வளவு விளக்கினாலும், வளர்ந்த பிறகு யாரைத் தேர்வு செய்வது என்ற உரிமையை ஒரு பெண் குழந்தையிடமிருந்து தொட்டிலிலேயே எடுத்துக்கொள்வதாகவே அது எனக்குப் படுகிறது. எனினும், இந்நூலின் இறுதிக்காகவே வரிசை முழுவதையும் படிக்கலாம் என்பேன். வாம்பயர்களை ஆளும் குழுவைச் சேர்ந்த, தொட்டாலே எல்லா நினைவுகளையும் படித்துவிடும் ஆரோவும், பார்வையாலேயே வலியூட்டும் ஜேனும் இரண்டாம் நூலில் பெல்லாவிடம் தோற்றதற்குக் காரணம் இங்கே தெரிகிறது. குறைபாடாக அவள் எண்ணிய அந்த மூடிய மனம் ஒரு கேடயம். பயிற்சியால் அதை விரித்து, தன்னைச் சேர்ந்த அனைவரையும் அதற்குள் வைத்துக் காக்கிறாள். பெரும் போர் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். எனக்கு அந்தப் போரற்ற முடிவு சரியாகவே தோன்றியது. கடைசி அத்தியாயத்தில், எல்லாம் ஓய்ந்த பிறகு, அவள் முயன்று அந்தக் கேடயத்தைத் தன்னிடமிருந்து விலக்கித் தன் நினைவுகளை எட்வர்டுக்குக் காட்டுகிறாள். முதல் நூலில் அவள் தூக்கத்தில் அவன் திருடியதை, நான்காம் நூலில் அவளே விழித்திருந்து, விரும்பிக் கொடுக்கிறாள். ஆசிரியர் இதை ஈடுசெய்தலாக நினைத்து எழுதினாரா என்பது முக்கியமில்லை. பக்கத்தில் அது அப்படித்தான் நிற்கிறது, நான் படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எட்வர்டின் பார்வையில் முதல் கதையையே மீண்டும் சொல்லும் மிட்நைட் சன் 2020இல் வந்தது. முதல் நாள் வகுப்பில் அவளைக் கொல்வதற்காக அறையில் உள்ள எல்லா மாணவர்களையும் கொல்ல அவன் திட்டமிடுவதும், இரவில் சத்தமின்றித் திறக்க அவள் சன்னலுக்கு எண்ணெய் பூசுவதும் அதில் விரிகின்றன. தன் செயல் குறித்த குற்ற உணர்வு அவனுக்கு உண்டு என்பதை அது காட்டுகிறது. ஆனால் அவன் மனத்துக்குள்ளேயே 600 பக்கத்துக்கு மேல் இருந்துவிட்டால், அவனிடம் நமக்கு இருந்த புதிர் கரைந்துவிடுகிறது. நான்கையும் படித்து இன்னும் பசி அடங்காதவர்கள் மட்டும் படிக்கலாம்.

நடையைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் முதல் பெரிய நாவலைப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இது ஏற்றது. வாக்கியங்கள் குறுகியவை, சொற்கள் எளியவை, உரையாடல் மிகுதி. எட்வர்டின் முகத்தைப் பளிங்கு என்று வர்ணிப்பது சலிக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது; ஏறத்தாழ 500 பக்க முதல் நூலில், ஆபத்தான பகைவன் வருவதற்கு முக்கால் பங்கு கடக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கம் 2009ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட, மிகுதியாக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் இவ்வரிசையும் இருந்தது. பாலுறவைக் குறித்துக் கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு செய்தி: முதல் மூன்று நூல்களில் முத்தத்தைத் தாண்டி எதுவும் இல்லை, உடலுறவு நான்காம் நூலில் திருமணத்துக்குப் பிறகே வருகிறது, அதுவும் மறைபொருளாக. பிரசவக் காட்சிதான் இளையவர்களை அதிகம் கலங்கவைக்கும்.

அக்காள் மகளுக்கு முதல் இரண்டு நூல்களைக் கொடுத்திருக்கிறேன். கூடவே அனெட் கர்ட்டிஸ் கிளாஸ் 1990இல் எழுதிய தி சில்வர் கிஸ் என்ற சிறு நாவலையும் வைத்தேன். தாய் புற்றுநோயில் இறந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணும், முந்நூறு ஆண்டு வாழ்ந்து களைத்த ஒரு வாம்பயரும் சந்திக்கும் அந்தக் கதையில், சாவை எவரும் ஏமாற்றுவதில்லை. எக்லிப்ஸ் என் அலமாரியில் இருக்கிறது. அவள் கேட்கும்போது கொடுப்பேன். அந்த முத்தக் காட்சி வரும் அத்தியாயத்தை மட்டும் நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.